மூடியை இறுக்கி மூடாதீக

ஒரு கோப்பைத் தேநீருக்காகக் கடல் தாண்டி காரைக்குடிக்கு வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் காரைக்குடித் தேநீர் இல்லை. மலேசியாவில், கேமரன் மலையில் நான் வேலை பார்க்கும் காய்கறி ஆராய்ச்சிக் கூடத்தில், பெருநாள் விடுமுறைக்கு முந்திய மாலை நானே போட்டுக் குடித்த தேநீர். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டிக்கு பிளக் இடம் இல்லை. உறைபெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகினேன். குடித்தேன். வீட்டுக்குப் போய்விட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால், உள்ளே கண்ணாடிக் குழாய்களில் உறைந்திருந்ததெல்லாம் உருகி, கண்ட கண்ட பூசணமும் பிடித்து நாறிக்கொண்டிருந்தது.

செத்தது ஈஸ்ட். ரொட்டி உப்புவதற்குப் போடுவார்களே, அந்தச் சாதிதான். ஆனால் இது மிளகாய்ப் பழத்தின் தோலில் வாழ்வது. மிளகாய் சிவக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழ அழுகல் வரும். தோலில் வட்டமாகக் குழி விழும், குழிக்குள் கறுப்புப் புள்ளிகள் வளையம் வளையமாக எழும், நாலு நாளில் தோட்டமே போய்விடும். இந்த ஈஸ்டைக் கரைத்துத் தெளித்தால் அழுகல் பூசணம் வந்து உட்காருவதற்கு முன்பே அது பழத்தின் தோலெங்கும் உட்கார்ந்துவிடும். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலைதான். விஷமும் இல்லை, வாடையும் இல்லை.

அந்த ஈஸ்ட் முதலில் கிடைத்தது மானகிரியில், கருப்பையா என்பவரின் மிளகாய்த் தோட்டத்தில். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் பேராசிரியர் எடுத்து வந்தார். கருப்பையாவும் அதை வெல்லத் தண்ணீர் ஊற்றி வளர்த்துத் தன் தோட்டத்துக்கு அடித்துவந்தார். மாதம் ஒருமுறையாவது என்னுடன் போனில் பேசுவார். ஒவ்வொரு முறையும் கடைசி வாக்கியம் ஒன்றுதான்: "மூடியை இறுக்கி மூடாதீக." ஈஸ்ட் மூச்சு விடும், காற்று போக வழியில்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். ஆராய்ச்சிக் கூடத்து ஆளுக்கு விவசாயி சொன்ன புத்தி அது.

மழை தொடங்குவதற்குள் ஈஸ்டோடு நான் திரும்பாவிட்டால் எங்கள் மலையில் அதை நம்பி மிளகாய் போட்டவர்கள் கதி அதோகதி. பிளக்கைப் பிடுங்கியது யாரென்று என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். கருப்பையாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "ஈஸ்ட் போய்விட்டது. வாங்க வருகிறேன்." மறுநாள் பதில் வந்தது: "வாங்க. பாட்டில் இருக்கு."

முதல் நாள். மாசி மாதத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. காரைக்குடியில் ஒரு மெஸ்ஸில் உப்புக்கறி போட்டார்கள். ஆட்டுக்கறியைவிட வரமிளகாய் அதிகம். தொழில் புத்தி, ஒவ்வொரு மிளகாயையும் எடுத்துப் புள்ளி இருக்கிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பரிமாறியவர், "கறி நல்லாயில்லையாண்ணே?" என்று கவலைப்பட்டார். எங்கள் ஊர் மிளகாய்ச் சம்பல் நாக்கைச் சுடும். இது காதைச் சுட்டது.

பிறகு பஸ்ஸில் தூங்கிப்போனேன். மானகிரியில் இறங்க வேண்டியவன் குன்றக்குடியில், மலைக்கோயில் கண்ணுக்கு நேரே நிற்கும்போது விழித்தேன். வந்த வழியே திரும்பி மானகிரியில் இறங்கும்போது மணி மூன்று. சாலையோரம் ஒரு டீக்கடை. கடைக்காரர் சிக்கந்தர் பாய், கோலாலம்பூரில் பத்து வருஷம் நாசி கண்டார் சோற்றுக் கடையில் நின்றவர். நான் வாய் திறந்ததுமே மலாயில் நலம் விசாரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?"

"கருப்பையா வீட்டுக்கு."

"துக்கம் கேக்கவா?"

"என்ன துக்கம்?"

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "கருப்பையா தவறி இன்னையோட பன்னெண்டு நாளாச்சேண்ணே. தோட்டத்து மோட்டார் ரூம் வாசல்ல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவருதான்."

நான் போனை எடுத்துக் காட்டினேன். "வாங்க. பாட்டில் இருக்கு." வந்து ஏழு நாள்தான் ஆகியிருந்தது. இறந்து ஐந்தாம் நாள் எழுதியிருக்கிறார். பாய் அதைப் படித்தார். ஒரு கிளாஸைத் துடைத்தார், இன்னொன்றையும் துடைத்தார்.

"அப்ப வரச் சொல்லியிருக்காருல்ல. போங்க," என்றார்.

வீட்டில் கருப்பையாவின் மனைவி மீனாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சுற்றிலும் பங்காளி வீட்டுப் பெண்கள். நான் யாரென்று சொன்னதும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. செய்தி அனுப்பியது யார் என்று கேட்டேன்.

"அவுக போனு எங்கிட்டு இருக்குன்னே தெரியலண்ணே. இருந்தாலும் எனக்கு அதைத் தொறக்கத் தெரியாது."

"ஈஸ்ட்?"

"பொணம் எடுத்த கையோட வீட்டுல இருந்த தண்ணி, மாவு, மோரு எல்லாத்தையும் கொட்டுனாக. இழவு வீட்டுல புளிச்சது இருக்கக் கூடாதுல்ல. அந்தக் கொடமும் நொர தள்ளிக்கிட்டு இருந்துச்சு. மாவுன்னு நெனச்சு அதையும் கொட்டிப்புட்டாக."

என் ஒரு கோப்பைத் தேநீரும் அவர்களுடைய ஒரு குடம் தண்ணீரும் சேர்ந்து காரியத்தை முடித்துவிட்டன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மரியாதையாக எழுந்து, கும்பிட்டு, "போயிட்டு வரேன்" என்றேன். அத்தனை பெண்களும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். இழவு வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது வாசலைத் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. என் தாயார் இதற்காகவே என்னைக் கிள்ளியிருக்கிறார்.

பஸ்ஸுக்கு நின்றபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சாலைக்குக் கீழே, இரண்டு வயல் தள்ளி, மிளகாய்த் தோட்டம். அதில் ஒருவர் முதுகில் டேங்கைச் சுமந்து மருந்தடித்துக்கொண்டிருந்தார். முழங்கை மறைந்த காக்கிச் சட்டை, முகத்தைச் சுற்றித் துண்டு. கைப்பிடியை அடிக்கும் சத்தம், டக், டக் என்று நிதானமாகக் கேட்டது. ஈஸ்ட் வெயிலில் செத்துவிடும், அதை அந்தியில்தான் தெளிப்பார்கள். நான் பக்கத்தில் கூடையோடு நின்ற அம்மாளிடம் கேட்டேன்.

"அங்குட்டு மருந்தடிக்கிறது யாரும்மா?"

அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கருப்பையாதேன். பொழுசாய அவந்தான் அடிப்பான்."

பஸ் வந்தது. அந்த அம்மாள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டார். நான் தோட்டத்தைப் பார்த்தபடி படியருகே நின்றுவிட்டேன். நடத்துநர் கையைப் பிடித்து இழுத்தார்.

இரண்டாம் நாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே பத்து முறை சொல்லிக்கொண்டு, பட்டப்பகலில் தோட்டத்துக்குப் போனேன். பக்கத்துத் தோட்டங்களில் அழுகல் ஆட்டம் போட்டிருந்தது. கருப்பையாவின் தோட்டத்தில் பழைய பழங்களில் குழி இருந்தது, புதிதாகச் சிவந்தவை சுத்தமாக இருந்தன. குனிந்து ஓர் இலையை முகர்ந்தேன். வெல்லப் புளிப்பு. நேற்று அந்தியில் கண்டது நிழல் இல்லை.

மோட்டார் ரூம் பூட்டியிருந்தது. பக்கவாட்டில் செங்கல் எடுத்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். இருட்டில் ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டில். வாய் வரை வெள்ளை நுரை. மூடி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தலைமுடிதான் சிலிர்த்தது. வெல்லம் போட்ட நுரை இரண்டு நாளில் அடங்கிவிடும், என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான விஷயம் அது. பதின்மூன்று நாளாக எவரோ வேளை தவறாமல் தீனி போட்டிருக்கிறார்கள்.

மத்தியானம் மீனாள் வீட்டில் சாப்பிடாமல் விடவில்லை. தாளிக்காத குழம்பு. இழவு வீட்டில் தாளிக்க மாட்டார்கள். மிளகாய் விளைகிற ஊரில், எண்ணெயில் ஒரு மிளகாய் பொரிகிற சத்தம்கூட இல்லாத அடுப்படி எனக்குப் பயமாக இருந்தது. பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். மீனாள் என் இலையைப் பார்த்து, "இன்னங் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லவா?" என்றார்.

தோட்டத்தில் யார் மருந்தடிக்கிறார்கள் என்று பங்காளி ஒருவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "இந்தத் தெருப் பூராம் பங்காளிக. எல்லாருக்கும் தீட்டு. பதினாறு முடியாம நாங்க யாரும் அந்தப் பயிருல கை வைக்க முடியாது. கூலிக்கும் ஆளு வராது. அடிக்கிறவரு அடிக்கிறாரு. நாங்க என்ன சொல்ல?"

அந்தியில் டீக்கடை வாசலில் நின்றேன். டக், டக். காக்கிச் சட்டை பாத்திகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. ஆனால் நேற்றைவிடக் குள்ளமாக இருப்பதுபோல் தோன்றியது. எனக்குப் பொறுக்கவில்லை. சாலையை விட்டு இறங்கி, வரப்பில் நாலடி வைத்து, கூப்பிட வாயெடுத்தேன். பின்னாலிருந்து சிக்கந்தர் பாய் மலாயில் சொன்னார், கடையில் இருந்த வேறு யாருக்கும் புரியாதபடி: "பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே. திரும்பிப் பார்த்துவிட்டால் பிறகு வர முடியாது."

திரும்பினேன். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். சாலைப் பக்கமாக முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஊரைப் பார்த்து ஓடிவிடலாம் என்று முடிவு செய்தேன். அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. பலகையைப் படிக்காமல் ஏறி, கண்டனூரில் போய் இறங்கினேன். ஒரு தெரு முழுக்க அரண்மனை அளவு வீடுகள், எல்லாம் பூட்டு. எங்கள் ஊரில் ஆள் இல்லாத வீட்டை ஆறு மாதத்தில் காடு தின்றுவிடும். இங்கே வீடுகள் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கின. ஒரு வாசலில் காவல்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் மானகிரியிலிருந்து வருகிறேன் என்றதும், வாயைக் கொப்பளித்துவிட்டுக் கேட்டார்.

"கருப்பையா இன்னும் மருந்தடிக்கிறாராமே? எத்தனை பாத்தி மிச்சமாம்?"

பேயைப் பற்றி ஊரில் எல்லாரும் கேட்பார்கள். எத்தனை பாத்தி மிச்சம் என்று கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். மிச்சம் நாலு என்று எனக்குத் தெரியும், முந்தினநாள் எண்ணியிருந்தேன். சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார். "மழை வருது. சீக்கிரம் முடிச்சா நல்லது." அங்கேயே, அந்தப் பூட்டிய வீட்டு வாசலில் நின்று வெகுநேரம் யோசித்துவிட்டு, காரைக்குடி விடுதிக்கே திரும்பினேன். அன்று மாலை தூறல் விடவில்லை. தோட்டத்துக்கு யாரும் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நாலாம் நாள் மீனாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மறுநாள் கருமாதி. வீடு நிறைய உறவு. அடுப்படிப் பக்கம் ஒதுங்கி, தாழ்ந்த குரலில் பேசினார்.

"நான் போனது ஆறாம் நாளு. கொல்லப் பக்கமாப் போயி, அவுக சட்டையப் போட்டுக்கிட்டு. பதினாறுக்குள்ள நான் வாசப்படி தாண்டக் கூடாதுண்ணே. ஆனா பழம் செவந்து நிக்கிது. மூணு வருசமா வேற மருந்து படாம வளத்த பயிரு. வெத எடுக்கிறதும் அதுலதான். அது போச்சுன்னா அவுக இருந்ததுக்கு என்ன மிச்சம்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் மொத நாளு போறப்பவே பாட்டில்ல நொர நின்னுச்சு. ரெண்டு பாத்தி அடிச்சிருந்துச்சு."

"அப்ப அதுக்கு முன்னாடி யாரு?"

"தெரியாது. நான் போனது மூணு நாளுதான். நீங்க வந்து பாத்த ரெண்டு நாளும் நான் இந்தச் சொவத்த விட்டு எந்திரிக்கல. யாருன்னு தெரியாது, கேக்கவும் மாட்டேன். கேட்டா அடிச்சவுகளுக்குத் தீட்டக் கெடுத்த பேரு வந்துரும்."

மேற்கே வானம் கறுத்திருந்தது.

"நாளைக்குக் கருமாதி. இன்னைக்கு எல்லாரும் இங்குட்டு வந்துட்டாக. நாலு பாத்தி நிக்கிது, எல்லாம் பழுத்த பாத்தி. மழையும் வருது."

"நான் அடிக்கிறேனே, தங்கச்சி. நான் வெளியூர்க்காரன். எனக்கு என்ன தீட்டு?"

"இந்த வீட்டுல கை நனைச்சுட்டீகளே. ஒங்களுக்கும் ஒட்டிக்கிருச்சு." முதல்முறையாக லேசாகச் சிரித்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். "மோட்டார் ரூம் சாவி தொட்டிக்கு அடியில இருக்கும். சட்டை ஆணியில தொங்கும்."

நான் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். இந்த முறை சரியாகச் செய்தேன்.

வெயில் இறங்கியதும் பூட்டைத் திறந்தேன். சட்டையில் வெல்லமும் வியர்வையும் கலந்த வாடை. யாருடைய வியர்வை என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். மாட்டியபோது தோளில் தொங்கியது, கருப்பையா என்னைவிட அகலமான ஆள். பையில் ஏதோ கனத்தது. எடுத்தால் அவருடைய போன். முக்கால்வாசி சார்ஜ் இருந்தது. மோட்டார் ரூம் பிளக்கில் சார்ஜர் தொங்கிக்கொண்டிருந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஈஸ்டை வடிகட்டி டேங்கில் ஊற்றினேன். இருபத்தைந்து வருஷமாகச் சோதனைக் குழாயோடு குடித்தனம் நடத்துகிறவன், டேங்க் சுமந்தது அதுதான் முதல் தடவை. துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். மோட்டார் ரூமிலிருந்து கடைசிப் பாத்திக்குப் போக டீக்கடைக்கு நேர் கீழே சாலையோரமாக நூறடி நடக்க வேண்டும்.

அந்த நூறடியை நான் மறக்க மாட்டேன். நான் வருவதைப் பார்த்ததும் கடையில் பேச்சு நின்றது. ஒவ்வொருவராக முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். சாலையில் வந்த சைக்கிள்காரர் இறங்கி, செயினைச் சரி பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். முந்தாநாள் மதியம் என்னோடு அரைமணி நேரம் பேசியவர் அவர். ஒரு கண்கூட என்மேல் விழவில்லை. நான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. செத்தவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். சிக்கந்தர் பாய் மட்டும் அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"கருப்பையா, வரப்பு வழுக்கும். பாத்துப் போப்பா."

அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமையில்லை. டக், டக் என்று அடிக்க ஆரம்பித்தேன். முதல் பாத்தி முடிவதற்குள் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். நாலாம் பாத்தியின் கடைசிச் செடியில் நின்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மழை எட்டரைக்குத்தான் வந்தது. அதற்குள் இலைகள் உலர்ந்திருந்தன. பாட்டிலில் மிச்சம் இருந்ததற்கு வெல்லம் போட்டு, மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்தேன்.

ஐந்தாம் நாள் கருமாதி முடிந்தது. மீனாள் தன் கையால் ஒரு சின்னப் பாட்டிலில் எனக்கு ஈஸ்ட் ஊற்றிக் கொடுத்தார். நாலு பாத்தியின் நிலவரம் தெரிய இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார். மதியம் வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டது. மிளகாய் நெடியில் எல்லாரும் இருமினார்கள், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

டீக்கடையில் பஸ்ஸுக்கு நின்றேன். கூடைக்கார அம்மாளும் நின்றிருந்தார். பாய் டீயை நீட்டினார்.

"நேத்தும் கருப்பையா வந்தாருண்ணே. பாத்தீகளா?"

"பாத்தேன்," என்றேன். "நாலு பாத்தியும் அடிச்சாரு."

"அடிச்சான், அடிச்சான்," என்றார் அந்த அம்மாள், வெற்றிலையை மடித்தபடி. "இருந்த காலத்துல ஒருநாளும் வரப்புல விழுந்தது இல்ல. செத்ததுக்கப்பறம் பாவம், காலு நிதானமே இல்ல." கடையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். என் முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பாட்டிலைத் திறந்தேன். உஸ் என்று மூச்சு விட்டது. உயிர் இருந்தது. என் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், பழக்கத்தில், கருப்பையாவின் எண்ணுக்கே எழுதினேன்: "வந்து சேர்ந்தேன். பாட்டில் உயிரோடு இருக்கிறது. நாலு பாத்தி எப்படி?"

கருமாதி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சட்டைக்கு இனி வேலை இல்லை. பதில் வராது என்றுதான் நினைத்தேன். இரவுச் சாப்பாட்டின்போது வந்தது.

"நாலு பாத்தியும் சுத்தம். வெதைக்கு விட்டாச்சு. மூடியை இறுக்கி மூடாதீக."

மனைவி யார் என்று கேட்டாள். கருப்பையா என்றேன். எழுதியது யாரென்று நான் கேட்கவில்லை.